ஆயரின் கேடயத்தில் எங்கள் கிணறு

வேலிப் படலை திறந்துதான் கிடந்தது. ஆனாலும் அவர் உள்ளே வராமல் வெளியே ஒழுங்கையிலேயே நின்றார். அங்கி போட்டிருக்கவில்லை. சாம்பல் நிறக் காற்சட்டை, அரைக்கைச் சேட்டு, கக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. பங்குனி வெயில் அவருடைய வழுக்கையில் பட்டு மினுங்கியது. ஊர்காவற்றுறையில் இருந்து அவரை ஏற்றிவந்த ஓட்டோக்காரன் நிழல் தேடிப் போய்விட்டான்.

"வாங்கோ பாதர், ஏன் அங்கையே நிக்கிறியள்?" என்றேன்.

தான் நின்றதை அப்போதுதான் கவனித்தவர்போலச் சிரித்துவிட்டு உள்ளே வந்தார்.

ஜெறோமும் நானும் வேலணையில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர் கடலோர ஒழுங்கையைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பம். நாங்கள் தோட்டக்காணி வைத்திருந்த சைவக் குடும்பம். அவர் குருமடத்துக்குப் போனார். நான் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவனாகச் சேர்ந்தேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு எல்லாம் வந்து ஆளாளுக்குச் சிதறினோம். அவர் ஆபிரிக்காவில் ஒரு வறண்ட மாகாணத்துக்கு மறைபரப்பப் போய் இருபத்தைந்து வருசத்துக்கு மேலாகிறது. இடையில் இரண்டு தடவைதான் சந்தித்திருக்கிறோம்.

இந்தத் தடவை அவர் ஒரு செய்தியோடு வந்திருந்தார். அந்த மாகாணத்துக்கு அவரையே ஆயராக நியமித்திருக்கிறார்கள். பட்டம் சூட்டும் நாளுக்கு முன் தன் மண்ணை ஒருக்கால் மிதித்துவிட்டுப் போக வந்திருக்கிறார்.

"உம்மட்டை ஒரு வேலை இருக்கு" என்று கோப்பைத் திறந்தார்.

தொப்பியும் குஞ்சமும்

ஒவ்வொரு ஆயருக்கும் சொந்தமாக ஓர் இலச்சினை வேண்டுமாம். கடிதத் தலைப்பில், முத்திரையில், கோயிலில் அவர் அமரும் கதிரைக்கு மேலே எல்லாம் அது இருக்கும். கணினியில் செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்குக் கையால் கீறியது வேண்டும். அதுவும் நான் கீறியது வேண்டும்.

என் நெற்றியில் திருநீறு இருந்தது. இதற்கு உங்கள் ஆட்களில் ஒருவரைப் பிடிக்கலாமே என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோப்பில் வேறு ஆயர்மாரின் இலச்சினைகள் இருந்தன. உச்சியில் அகன்ற விளிம்புள்ள பச்சைத் தொப்பி. அதன் இரு பக்கமும் கயிறு இறங்கி, பக்கத்துக்கு ஆறு குஞ்சங்கள்: முதல் வரியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. பேராயர் என்றால் பக்கத்துக்குப் பத்து. பழைய காலத்தில் குருமார் பயணம் போகும்போது வெயிலுக்குப் போட்ட தொப்பி அது. இன்று யாரும் அதைத் தலையில் வைப்பதில்லை, படத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தொப்பிக்குக் கீழே சிலுவை, சிலுவைக்கு முன்னால் ஒரு கேடயம், கேடயத்துக்குக் கீழே ஒரு நாடாவில் அவர் தெரிந்தெடுத்த வாசகம், விருதுவாக்கு.

வாசிக்கத் தெரியாத சனங்கள் மெழுகு முத்திரையைப் பார்த்தே இது இன்னாரின் கடிதம் என்று அறிவதற்காக வந்த பழக்கம் என்று அவர் விளக்கினார். அவருடைய அம்மா திரேசம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது. அவ உயிரோடு இருந்திருந்தால் பார்த்தவுடன் விளங்க வேண்டும், அப்படி ஒன்றைக் கீறித் தாரும் என்றார்.

கேடயத்தின் மேல் பாகத்தில் நீல நிறம், அதில் மாதாவுக்காக ஒரு வெள்ளி நட்சத்திரம். அதுவரை நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

"கீழை ஒரு கிணறு. உங்கட கிணறு" என்றார்.

அந்த வருசத்துக் கோடை

தண்ணீரைப் பற்றித் தீவாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் பத்துக் கிணறு வெட்டினால் எட்டில் உவர்தான் வரும். எங்கள் வளவுக் கிணறு நல்ல தண்ணீர். அதனால் கடலோர ஒழுங்கைப் பெண்கள் காலையில் குடத்தோடு வருவார்கள்.

வருவார்கள், ஆனால் படலைக்கு உள்ளே வரமாட்டார்கள். வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அப்பாவுக்கு முந்தியவர்களின் கட்டளையும் அதுதான். வேலியோரம் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். என் அக்கா பூமணி கிணற்றில் அள்ளிக்கொண்டு போய், வாளி குடத்தில் படாமல் உயர்த்திப் பிடித்து வார்ப்பா. அக்காவுக்கு அப்போது பதினேழு, பதினெட்டு இருக்கும். எனக்குப் பத்து.

அந்தக் கோடையில் மழை பிந்தியது. ஒரு நாள் மத்தியானம் அக்காவும் அம்மாவும் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அப்பா உள்ளே நித்திரை. நான் சன்னலடியில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன்.

ஜெறோம் சின்னக் குடமொன்றோடு வேலியடியில் நின்றான். வீட்டில் தண்ணீர் முடிந்துவிட்டது, கைக்குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு வாளி அள்ளித் தா என்று கேட்டான். தனியே கிணற்றடிக்குப் போனால் எனக்கு அடி விழும். ஏலாது என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, வாளியை இறக்கி, தானே அள்ளிக் குடத்தை நிரப்பினான். போவதற்கு முன் ஒரு கை அள்ளிக் குடித்தான். சன்னலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் அப்பா இறைக்கும் மெசின் கொண்டுவந்து பூட்டினார். விடியத் தொடங்கிய சத்தம் பொழுதுபடும்வரை ஓயவில்லை. கிணற்றில் இருந்த அவ்வளவு தண்ணீரும், நாங்கள் குடத்தில் அளந்து அளந்து வார்த்த தண்ணீர், வாய்க்காலில் ஓடியது. பிறகு ஐயர் வந்து தர்ப்பையால் தெளித்தார். மழை வரும்வரை ஒழுங்கைக்குத் தண்ணீர் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். திரேசம்மா மற்றப் பெண்களோடு தூரத்திலுள்ள சாட்டிக்கு நடந்து போய்த் தண்ணீர் சுமந்தா. தன் வாழ்நாளில் அவ ஜெறோமை அடித்தது அந்த ஒரு தடவைதான் என்று பிற்காலத்தில் அறிந்தேன்.

இவ்வளவும் எனக்குத் தெரியும், ஜெறோமுக்கும் தெரியும். கோப்பை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது.

"கொப்பர் எங்கையோ நிண்டு கண்டிட்டார். ஆனால் நீரும் கண்டனீர். கண்டும் சொல்லேல்லை. அதை நான் மறக்கேல்லை."

தன் சனங்களுக்குப் பிரசங்கத்தில் அந்தக் கதையைச் சொல்வாராம். கண்டும் காட்டிக்கொடாத ஒரு பொடியனின் கதையை. எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை என்றார்.

அவர் போனபிறகு தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்த அக்கா, ஏன் உன்ரை முகம் இப்பிடிக் கிடக்குது என்று கேட்டா. வெயில் என்றேன்.

சன்னலடியில் நடந்தது

நான்தான் சொன்னேன்.

ஜெறோம் படலையைச் சாத்திவிட்டுப் போய் ஐந்து நிமிசம்கூட இராது. நான் அறைக்குள் போய் அப்பாவின் காலைத் தொட்டு எழுப்பினேன். அவன் கிணற்றைத் தொட்டதையும், வாளியை இறக்கியதையும், தண்ணீர் குடித்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

பின்னால் தெரியவந்தால் எனக்கு அடி விழும் என்ற பயம் இருந்தது. அதை மட்டும் சொன்னால் அரைவாசிதான் உண்மை. அப்பா என்னோடு அதிகம் கதைக்காத மனிதர். அன்றைக்கு எழும்பி இருந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என் தலையில் கை வைத்தார். அந்தக் கையின் பாரம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதும் தெரிகிறது.

பிறகு வந்த நாள்களில் ஜெறோம் பள்ளிக்கூடத்தில் முந்தியைவிட என்னோடு ஒட்டிக்கொண்டான். சுட்ட பனங்கிழங்கில் பெரிய துண்டை எனக்குத் தந்தான். ஏனென்று எனக்கு விளங்கவில்லை. ஐம்பது வருசம் கழித்து இப்போதுதான் விளங்கியது.

கந்தோரில் நான் ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கீறியிருக்கிறேன். நில அளவைப் படத்தில் கிணறு என்றால் ஒரு சின்ன வட்டம். யார் அதில் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று எந்தப் படத்திலும் குறிப்பதில்லை. அந்த வட்டங்களைக் கீறும்போதெல்லாம் எங்கள் கிணறு நினைவுக்கு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் வரவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்தேன், வீட்டுக்குப் போனேன்.

இப்போது வந்தது. பச்சைத் தொப்பியைக் கீறினேன். கயிறு, பன்னிரண்டு குஞ்சம், சிலுவை, நாடா எல்லாம் நேர்த்தியாக வந்தன. கேடயத்துக்குள் நட்சத்திரமும் வந்தது. கீழ்ப்பாகத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அக்கா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து முடிஞ்சுதோ என்று கேட்டா. நடு மட்டும் மிச்சம் என்றேன்.

ஊர்காவற்றுறைக்குப் போனது

மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினேன். ஜெறோம் பங்குக் குருவின் வீட்டு விறாந்தையில் தனியே இருந்தார். என்னைக் கண்டதும் படம் முடிந்துவிட்டதாக்கும் என்று சந்தோசத்தோடு எழும்பினார்.

நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். "பாதர், அண்டைக்கு அப்பா காணேல்லை. நான்தான் சொன்னனான்."

அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். முற்றத்து வேம்பில் ஒரு காகம் கொப்புக்குக் கொப்பு தாவிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

தலையில் வைத்த கையைப் பற்றிச் சொன்னேன். அறுபது தாண்டிய மனிதன், பேரப்பிள்ளை கண்டவன், ஒரு தகப்பனின் கைக்காக ஏங்கிய கதையை வெயிலில் நின்று சொல்கிறேன்.

அவர் எழும்பி உள்ளே போனார். இனி வரமாட்டார் என்று நினைத்துப் படியிறங்கினேன். வந்தார். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"குடியும். வெயிலுக்கை வந்தனீர்" என்றார். குடித்து முடியும்வரை பக்கத்தில் நின்றார். கிளாசை வாங்கிக்கொண்டு, "இண்டைக்கு நான் ஒண்டும் கதைக்கேல்லை. கோவியாதையும். போட்டு வாரும்" என்றார்.

வீட்டுக்கு வந்து படத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். நடு வெறுமையாக, தொப்பியும் குஞ்சமும் மட்டும் நிரம்பிய படம்.

ஒன்பது நாள் கழித்து

அவர் பறக்க ஒரு கிழமைகூட இல்லாத நேரம், ஒரு காலையில் ஓட்டோச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை படலையில் நிற்காமல் நேரே உள்ளே வந்து கதிரையில் இருந்தார். அக்கா குசினி வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தா.

"உம்மோடை கோவிச்சனான்" என்றார். "பொய் சொல்ல ஏலாது. நல்லாக் கோவிச்சனான். நீர் சொன்னதுக்கில்லை. பத்து வயசிலை பிள்ளையள் சொல்லுவினம். இவ்வளவு காலமும் ஒரு பொய்யை நான் கோயிலிலை நிண்டு சொல்லிக்கொண்டிருந்திட்டன் எண்டுதான்."

பிறகு அவராகவே மெல்லச் சிரித்தார். இனி அந்தப் பிரசங்கத்தை மாற்றிச் சொல்ல வேணும், மாற்றினால் இன்னும் நல்ல பிரசங்கமாக வரும்போல இருக்கிறது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையை நீட்டி என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

இந்த ஒன்பது நாளும் அந்தக் கோடையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாராம். அப்படி நினைத்தபோது, தான் யாருக்கும் சொல்லாத ஒன்று ஞாபகத்துக்கு வந்ததாம். அதைத்தான் சொல்ல வந்தேன் என்றார்.

கிணறு இறைத்த அன்று ஒழுங்கைச் சனம் மெசின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்ததாம். திரேசம்மா அவரை அடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தாவாம். வெயில் ஏறின நேரம் வேலிக்குக் கீழால் தண்ணீர் வந்தது. முதலில் ஈரம், பிறகு ஒரு விரல் ஆழம், பிறகு ஓட்டம். ஒழுங்கை நீளத்துக்கும் தண்ணீர். பெண்கள் ஓடிவந்து மணலை அணைத்துக் கட்டித் தேக்கி, சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றித் தெளியவிட்டார்கள். குடம் நிறைந்து, கிடாரம் நிறைந்து, மீன் சட்டிகூட நிறைந்தது. பிள்ளைகள் அதற்குள் விழுந்து புரண்டார்கள். காய்ச்சல் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டார்கள். அழுதுகொண்டிருந்த திரேசம்மா முழங்கால்வரை நனைந்தபடி சிரித்தாவாம்.

"எங்கட ஒழுங்கையிலை ஒருநாளும் அவ்வளவு தண்ணி வந்ததில்லை" என்றார் ஜெறோம். "வரம்பு உடைச்சு வந்ததெண்டு அம்மா சொன்னவ. ஆண்டவர்தான் உடைச்சுவிட்டவர் எண்டு சாகும்வரைக்கும் சொன்னவ."

குசினி வாசலில் சுளகுச் சத்தம் நின்றிருந்தது.

"வரம்பு உடையேல்லைத் தம்பி" என்றா அக்கா. "நான்தான் வெட்டிவிட்டனான்."

இருவரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா சுளகைக் கீழே வைக்காமலே சொன்னா. அன்று தோட்டத்தில் தண்ணீர் மாறும் வேலையை அப்பா அவவிடம் விட்டிருந்தார். பாத்தி பாத்தியாக வாய்க்காலைத் திருப்பிவிடுகிற வேலை. இரண்டு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வரம்பைக் கொத்தி வேலிப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறா. அப்பா மெசினடியில் நின்றதால் தெரியவில்லை. பின்னேரம் வரம்பை மூடிவிட்டா.

ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னத்தைச் சொல்லுறது, வெங்காயம் அரைவாசி காய்ஞ்சு போச்சுது, அப்பா அறிஞ்சிருந்தால் என்னைக் கொன்றுபோட்டிருப்பார் என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

ஜெறோம் எழும்பி நின்றார். குசினி வாசல்வரை போனார். உள்ளே போகவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அக்கா அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தா. திரும்பிப் பார்த்துவிட்டு, "இருங்கோ தம்பி, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றா.

மாற்றிய படம்

சாப்பாட்டுக்குப் பிறகு அவரே பென்சிலை எடுத்து, கிணற்றில் இருந்து ஒரு வாய்க்கால் ஓடுவதாகக் கீறிக் காட்டினார். கேடயத்தின் அடிவரைக்கும் அலை அலையாக அது போக வேண்டும்.

நிறத்தில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மணலை நினைத்து நான் கீழ்ப்பாகத்துக்குப் பொன் நிறமும், கிணற்றுக்கும் தண்ணீருக்கும் வெள்ளியும் யோசித்திருந்தேன். இலச்சினை விதிப்படி பொன்னும் வெள்ளியும் உலோகங்கள். உலோகத்தின் மேல் உலோகத்தை வைக்கக்கூடாது, தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. அப்படியென்றால் சிவப்பு வையும், அங்கத்தைய மண் சிவப்பு, அங்கேயும் பெண்கள் தண்ணீருக்காக நடக்கிறார்கள் என்றார். சிவந்த நிலத்தில் வெள்ளிக் கிணறு, வெள்ளி ஓட்டம். அதன் பிறகு என் கை நிற்கவில்லை. இரண்டு நாளில் முடித்தேன்.

விருதுவாக்கை அதிகம்பேர் இலத்தீனில் வைப்பார்கள். அவர் தமிழில் ஒரு சொல் தந்தார்: வாருங்கள். வேலியடியில் குடத்தை வைத்துவிட்டு அவருடைய அம்மா அக்காவிடம் சொல்லும் சொல். தண்ணீர் வார்க்கச் சொல்வதும் அதுதான், ஆட்களை வரச் சொல்வதும் அதுதான்.

பட்டம் சூட்டிய அன்று யாரோ எடுத்த படம் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. இலச்சினையைப் பெரிய துணியில் அச்சிட்டுப் பீடத்துக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். வெள்ளி ஓட்டம் திருமுழுக்கின் அருள் என்று விழா மலரில் விளக்கம் எழுதியிருந்தது. அதிலும் பிழையில்லை.

அக்காவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்து, அதற்குச் சத்திரசிகிச்சை செய்து ஒரு கிழமை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. தொப்பியைக் கடந்து போனா. நட்சத்திரத்தையும் கடந்து போனா. கிணற்றில் நின்றா.

"நடா, பிழையாக் கீறிப்போட்டாய்" என்றா. "நான் இடக்கைப் பக்கமெல்லே வெட்டிவிட்டனான். இது வலக்கைப் பக்கம் ஓடுது."

அது ஜெறோம் தன் கையால் கீறிக் காட்டியது, அவர் காட்டின பக்கம்தான் நானும் கீறினேன் என்றேன்.

அக்கா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா. விரலால் அந்த வெள்ளி ஓட்டத்தைத் தொட, படம் பெருத்துத் திரை முழுவதும் தண்ணீரானது.

"ஓம்" என்றா. "அந்தப் பிள்ளை வேலிக்கு வெளியிலையெல்லே நிண்டு பாத்தது. அங்காலை நிண்டால் இப்பிடித்தான் தெரியும்."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டா.